கடல் முதலா, பாறை முதலா?

வெள்ளிக்கிழமை, காலை 5.50

நாகர்கோவில் சந்திப்பில் இறங்கும்போது என் தோளில் தொங்கிய பைக்குள் ஒரு சம்மட்டி, இரண்டு சுத்தியல், ஒரு உளி, ஒரு கட்டு புதுத் துணிப்பைகள். என் தங்கை மங்கையின் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு நோட்டும். எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை எப்போதும் இப்படித்தான் நடக்கும். நடைமேடையில் நின்ற காவலர் ஒருவர் என் தோள் சாய்ந்திருப்பதைப் பார்த்து, பையில் என்ன என்று கேட்டார். கல் உடைக்க வந்திருக்கிறோம் என்றேன். அதற்கு இங்கே ஆள் இல்லையா என்று கேட்டுவிட்டு அவர் நகர்ந்துவிட்டார்.

நான் மன்னார்குடிக்காரன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், பைண்டிங்கும் உண்டு. எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் வண்டல். ஒரு நாயை விரட்டக் கல் வேண்டுமென்றால்கூட ரயில் பாதைக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவள் கல்லைப் படிக்கப் போனது எங்கள் அப்பாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. மங்கைக்கு இப்போது நாற்பத்தொரு வயது. திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்துகிறாள். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே எட்டு வருடமாக முனைவர் பட்ட ஆய்வு. குமரி மாவட்டத்துப் பாறைகளுக்கு என்ன வயது என்பதுதான் அவள் கேள்வி.

இந்தப் பயணம் எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பாறையிலிருந்து மங்கை கல் எடுத்தாள். அதை இடித்துச் சலித்துக் கழுவி, சிர்கான் என்ற மணிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். கடுகைவிடச் சிறியவை. கல்லின் வயதைச் சுமந்துகொண்டிருப்பவை அவைதான். பெரும்பாலான மணிகள் இருநூறு கோடி வருடத்தை ஒட்டிய வயதைக் காட்டின. நாலே நாலு மணிகள் மட்டும் அதைவிட இன்னும் அறுபது கோடி வருடம் மூத்தவை. அப்படியானால் அந்தப் பாறைக்குள் அதைவிடப் பழைய ஏதோ ஒரு நிலத்தின் துண்டு ஒளிந்திருக்கிறது. ஒரு கருத்தரங்கில் மங்கை இதைச் சொன்னபோது, அதுவரை அவளைக் கண்டுகொள்ளாதவர்கள் எல்லாம் எழுந்துவந்து முகவரி வாங்கிக்கொண்டு போனார்களாம். அவளுடைய ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயம் முழுக்க அந்த நாலு மணிகள் மேல்தான் நிற்கிறது.

நாலு போதாது, அதே பாறையில் மறுபடியும் கல் எடுத்து வா என்று நெறியாளர் சொல்லிவிட்டார். மறுபடியும் மூத்த மணிகள் கிடைத்துவிட்டால் யாரும் அசைக்க முடியாது. ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் ஒரு வருடம் கூட இல்லை. ரயிலில் மங்கை தூங்கவே இல்லை. மேல் படுக்கையிலிருந்து தலையை நீட்டி, "வரும் பாருண்ணே" என்று இரண்டு தடவை சொன்னாள். வரும் வரும் என்று நானும் சொன்னேன்.

காலை 6.20

நிலையத்துக்கு வெளியே சாகுல் காத்திருந்தார். கோட்டாறுக்காரர், வயது நாற்பத்தைந்து இருக்கும். சவுதியில் தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்து ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கியவர். போன தடவையும் மங்கையை அழைத்துப் போனவர் இவர்தான், இதே வேன்தான். நாள் வாடகை 2,200 ரூபாய், பெட்ரோல் அவர் பொறுப்பு. எங்களுக்குச் சாயாவும் ஆளுக்கு இரண்டு மட்டிப்பழமும் அவரே வாங்கிக்கொடுத்தார். மட்டிப்பழம் என்பது இங்கத்து வாழை, விரல் நீளம்தான். ஆனால் வாயில் போட்டால் அந்த மணம் மூக்கில் ஏறுகிறது. இதை ஏன் யாரும் மன்னார்குடிக்குக் கொண்டுவரவில்லை என்று எனக்குக் கோபமே வந்தது.

"போன தடவ மாதிரி மொதல்ல கடலுக்குப் போயிட்டு, பொறவு மலைக்குப் போவமா டீச்சரே? இப்பம் போனா நல்ல சாள கெடைக்கும்" என்றார் சாகுல்.

மங்கை கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தாள். போன தடவை முதலில் பாறைக்குத்தான் போனோம் என்றாள்.

"இல்ல டீச்சரே. ராஜாக்கமங்கலம்லா மொதல்ல போனோம். காலத்த மரச்சீனியும் சாளக் கொழம்பும் தின்னோம், ஓர்ம இல்லியா? எரியுதுன்னு ரெண்டு செம்பு தண்ணி குடிச்சிய."

மரச்சீனி எங்கள் ஊர் மரவள்ளிக்கிழங்கு, சாளை மத்தி மீன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாம். பாறை இருக்கும் ரப்பர் தோட்டத்துக்குச் சொந்தக்காரியான லில்லியக்கா, சர்ச்சுக்குப் போய்த் திரும்ப உச்சையாகிவிடும் என்று போனில் சொன்னாராம். இங்கே உச்சை என்றால் நடுப்பகல். அதுவரை சும்மா இருப்பானேன் என்றுதான் கடற்கரைக்குப் போனோம் என்றார் சாகுல். மங்கை நோட்டைத் திறந்து காட்டினாள். ஒன்று என்று எண் போட்ட பக்கத்தில் பாறை, எதிர்ப் பக்கத்தில் இரண்டு என்று போட்டுக் கடல் மணல். எழுத்திலேயே இருக்கிறதே என்றாள். டீச்சர் சொன்னால் சரிதான் என்று சாகுல் வண்டியை எடுத்தார். அவர் சொன்ன விதத்தில் 'சரி' இல்லை.

எது முதலில் என்பதற்கு இவ்வளவு பெரிய சண்டையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மங்கை என் காதோடு விளக்கினாள். ராஜாக்கமங்கலம் கடற்கரையில் கறுப்பாக வரி வரியாக ஒதுங்கும் மணலில் சிர்கான் ஏராளம். எந்தெந்த மலைகளிலிருந்தோ ஆறுகள் கொண்டுவந்து கொட்டியவை அவை. ஒரு பாறையின் வயதைக் கெடுக்க அதில் ஒரு சிட்டிகை போதும். அதனால் இந்த மாவட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. ஒரே நாளில் இரண்டு இடமும் போக வேண்டியிருந்தால் பாறை முதலில், கடல் கடைசியில். கடலுக்குப் போய்வந்த சுத்தியலும் பையும் செருப்பும் பாறைப் பக்கம் வரக் கூடாது. சாகுல் சொல்வது உண்மையானால் அந்த நாலு மணிகளும் பாறைக்குச் சொந்தமா, கடலுக்குச் சொந்தமா என்பதே சந்தேகம். நாலாவது அத்தியாயம் போச்சு.

"நான் வரிசை மாத்தவே மாட்டேண்ணே" என்றாள். அப்போது அவளுக்குத் தன் மேல் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. சாகுல் மேல்தான் கோபம்.

காலை 7.10

பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை என்று போய், அழகியமண்டபத்தில் நெடுஞ்சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பினோம். குலசேகரம் வரை மொத்தம் முப்பத்தைந்து கிலோமீட்டர் போலச் சொன்னார்கள். ஆனால் இந்தச் சாலைகள் நேராகப் போவதே இல்லை. ஒரு வாழைத் தோட்டம், ஒரு சர்ச், ஒரு குளம், மறுபடியும் வாழை. எங்கள் ஊரில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே வயல் இருக்கும். இங்கே ஓர் ஊர் முடிந்ததே தெரியாமல் அடுத்தது தொடங்கிவிடுகிறது.

வண்டிக்குள் யாரும் பேசவில்லை. எனக்கு அது ஆகாது. கல்லுக்கு எப்படி வயது சொல்கிறார்கள் தெரியுமா என்று சாகுலிடம் நானே ஆரம்பித்தேன். எட்டு வருடமாகத் தங்கை சொன்னதைக் கேட்டு எனக்கும் கொஞ்சம் வரும். சிர்கான் மணி உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. உள்ளே போன யுரேனியம் ஒரே சீரான வேகத்தில், அவசரமும் சோம்பலும் இல்லாமல், ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே இன்றைக்கு அந்த மணிக்குள் இருக்கும் ஈயமெல்லாம் அங்கேயே விளைந்தது. யுரேனியம் எவ்வளவு மிச்சம், ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் மணி எப்போது பிறந்தது என்று தெரிந்துவிடும். என் கடையில் மிச்சமிருக்கும் வெள்ளைத் தாளையும் ஓடி முடித்த தாளையும் பார்த்து, மெஷினை எத்தனை மணிக்குப் போட்டேன் என்று சொல்வது போல.

"உன் மெஷின் நடுவுல நிக்கும்ணே. அது நிக்காது" என்றாள் மங்கை, ஜன்னலைப் பார்த்தபடியே. தப்பாகச் சொன்னால் அவளால் பொறுக்க முடியாது, அது எனக்குத் தெரியும்.

பிறகு அவளே தொடர்ந்தாள். இங்கிருக்கும் மணிகள் பலவற்றில் ஒன்றுக்கு இரண்டு வயது. நடுவே இருநூறு கோடி, மேல் தோல் ஐம்பத்தைந்து கோடி வருடம். இந்த நிலம் ஒரு காலத்தில் பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் வெந்திருக்கிறது. அப்போது பழைய மணியின் மேல் புதுத் தோல் ஏறியது, பழைய சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி. மணியைப் பாதியாகத் தேய்த்து, லேசர் ஒளியால் நடுவில் ஒரு புள்ளி, ஓரத்தில் ஒரு புள்ளி சுட்டு அளப்பார்களாம்.

இந்தக் கருவியெல்லாம் வருமுன்னே எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டார் சாகுல். நல்ல கேள்வி. வருடக் கணக்குச் சொல்ல மாட்டார்கள், மூத்தது எது இளையது எது என்று மட்டும் சொல்வார்கள் என்றாள் மங்கை. அடுக்கடுக்காகப் படிந்திருந்தால் அடியில் இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. ஒன்றை இன்னொன்று வெட்டிக்கொண்டு போனால், வெட்டியது இளையது. ஆனால் பார்த்துச் சொல்ல வேண்டும், சில இடங்களில் அடுக்கே மடிந்து கவிழ்ந்து கிடக்கும். அங்கே தலைகீழாகப் படித்தவன் ஏமாந்துபோவான்.

"அப்பம் மேல இருக்கதெல்லாம் எளசுன்னு நம்பப்பிடாது" என்றார் சாகுல். அவர் வேறெதையும் மனதில் வைத்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மங்கை நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

காலை 9.00

திருவட்டாறு தாண்டியதும் ரப்பர் மரங்கள் வந்துவிட்டன. எல்லாம் ஒரே பக்கம் லேசாகச் சாய்ந்து, ஒவ்வொன்றின் வயிற்றிலும் பால் பிடிக்க ஒரு சிரட்டை கட்டி நிற்கின்றன. குலசேகரத்தில் புட்டு, பயறு, பப்படம். ஆளுக்கு 60 ரூபாய். நான் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். மங்கை சாயாவோடு நிறுத்திக்கொண்டாள்.

பேச்சிப்பாறைச் சாலையில் நாலு கிலோமீட்டர் போய், ஒரு மண் பாதையில் இறங்கினால் லில்லியின் தோட்டம். ஐம்பது வயது, இரண்டு ஏக்கர் ரப்பர், பால் வெட்டுவது முதல் ஷீட் அடிப்பது வரை எல்லாம் அவரே. நாங்கள் போனபோது பால் எடுத்து முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். தோட்டத்தின் நடுவே கவிழ்த்துப் போட்ட பெரிய அண்டாவைப் போல அந்தப் பாறை. பக்கத்திலேயே கம்பி கட்டி, ரப்பர் ஷீட்டுகளைத் துண்டு துண்டாகக் காயப் போட்டிருந்தார்.

"வந்தியளா டீச்சரே. அந்த மழைக்குப் பொறவு இந்தப் பக்கமே காணலியே" என்றார்.

என்ன மழை என்று மங்கை கேட்டாள்.

"நீங்க கல்லு ஒடச்ச அண்ணைக்கி வைகிட்டு வந்த மழ. இந்த ஷீட்டெல்லாம் நீங்களும் கூடச் சேந்துலா வாரிப் போட்டிய."

வைகிட்டு என்றால் சாயங்காலம். மங்கை தலையை ஆட்டினாள். மழையும், ஷீட்டை அள்ளிக்கொண்டு ஓடியதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சாயங்காலம் என்பதுதான் நினைவில் இல்லை. சாகுல் வேனின் கண்ணாடியைத் துடைக்கப் போனார். பாறை பிறகுதான் என்று சொல்ல இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள்.

வேலை வேலைதான். கிணற்றடியில் சுத்தியல்களையும் சம்மட்டியையும் மூன்று தண்ணீரில் கழுவச் சொன்னாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். நான் கைக்கு வாகான ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தேன், உடைக்கும் சிரமம் மிச்சமாகட்டுமே என்று. தரையில் கிடக்கும் கல் எங்கிருந்து உருண்டு வந்ததோ, அதற்கு ஊர் பேர் கிடையாது, தரையோடு ஒட்டிய பாறையில்தான் எடுக்க வேண்டும் என்று திட்டு விழுந்தது. மேல் தோல் வெயிலிலும் மழையிலும் பழுத்துப் பழுப்பாக இருக்கும். அதையும் தட்டித் தள்ள வேண்டும். சம்மட்டியைத் தூக்கி நான் இருபது அடி அடித்த பிறகுதான் உள்ளே இருக்கும் நிறம் தெரிந்தது. கரும்பச்சை, எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கம். சார்னக்கைட் என்று பெயராம். லில்லி அதைக் கருங்கல் என்றார். எனக்கு லில்லி சொன்ன பெயரே பிடித்திருந்தது.

இதற்குக் கீழே வெள்ளம் கிடைக்குமா என்று லில்லி கேட்டார், கிணற்றுத் தண்ணீரைத்தான். நிலவியல் படித்தவர்களைப் பார்த்தால் ஊரெல்லாம் கேட்கிற கேள்வி அது. இங்கே வேண்டாம், பாறையில் வெடிப்பு ஓடும் கீழ்ப் பக்கம் பாருங்கள் என்று மங்கை இடம் காட்டினாள்.

காலை 11.30

ஆறு பைகள் நிறைந்தன. ஒவ்வொன்றிலும் எண் எழுதிக் கட்டியாயிற்று. கிளம்பலாம் என்று நான் துண்டை உதறினேன். மங்கை பாறையின் உச்சியில் ஏறி உட்கார்ந்து பழைய நோட்டைத் திறந்தாள். கழுத்தில் தொங்கிய சின்ன உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கல்லைப் பார்ப்பதுபோலவே காகிதத்தைப் பார்த்தாள்.

விரித்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை. இத்தனை நாளும் அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், பொருட்படுத்தியதில்லை. சாளைக் குழம்பு. கடல் மணல் பக்கத்தில் பென்சில் எழுத்து கறைக்குள்ளும் அழுத்தமாக, விட்டுப்போகாமல் ஓடியது. எண்ணெய் அதன் மேல் ஏறியிருந்தது. பாறைப் பக்கத்தில் அதே பென்சில், கறை வந்த இடத்திலெல்லாம் வழுக்கி, எழுத்து பாதி விழுந்தும் விழாமலும் இருந்தது. எண்ணெய் ஊறிய தாளில் பென்சில் பிடிக்காது. ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். மணலைப் பற்றி எழுதியது குழம்புக்கு முன்பு. பாறையைப் பற்றி எழுதியது குழம்புக்குப் பின்பு.

"நம்பரை முந்தின நாளே போட்டு வெச்சுட்டேண்ணே" என்றாள் மங்கை. "ஒண்ணு பாறை, ரெண்டு மணல்னு. மறுநாள் வரிசை மாறிடுச்சு. போட்ட நம்பர்லயே எழுதிட்டேன்."

அந்த வழக்கத்தை அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்ததால்தான் அது தவறியதையே அவள் பார்க்கவில்லை. முந்தின நாளே எண் போட்டு வைக்கிற அளவுக்கு ஒழுங்கு இல்லாதவளாக இருந்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. இருநூறு கோடி வருடத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறவளுக்கு, மூன்று வருடத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எது முதலில் என்று தெரியாமல் போய்விட்டது. வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எப்படியாவது சமாதானம் சொல்லத்தான் தோன்றியது.

அதனால்தான் நான் அதைச் சொன்னேன் என்று நினைக்கிறேன். புதுக் கல் கையில் இருக்கிறது, அது என்ன சொல்கிறதோ பார்ப்போம், பழைய நாலு மணியைப் பற்றி இப்போது யாரிடம் எதற்குச் சொல்ல வேண்டும், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மங்கை கோபித்துக்கொள்ளவில்லை. "அந்த நாலு மணியும் பொய் இல்லண்ணே. அதோட வயசு வயசுதான். நான் குடுத்த விலாசம்தான் தப்பு" என்றாள்.

பாறை உச்சியில் மட்டும்தான் போனில் சிக்னல் கிடைத்தது. அங்கேயே உட்கார்ந்து நெறியாளரை அழைத்தாள். ஒன்றும் மறைக்கவில்லை, லில்லியின் சர்ச், சாளைக் குழம்பு, பென்சில் எல்லாவற்றையும் சொன்னாள். நாலாவது அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன் என்றும், கருத்தரங்கில் கேட்டவர்களுக்கு நானே எழுதிவிடுகிறேன் என்றும் சொன்னாள். பிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டாராம்: அன்றைக்கு எடுத்த கடல் மணல் இன்னும் இருக்கிறதா, அதற்கு வயது பார்த்தாயா? பார்க்கவில்லை. பாறைதான் பெரிது என்று மணலை டப்பாவிலேயே வைத்துவிட்டாள். அதைப் பார் என்றார். அங்கே அந்த நாலுக்கும் உறவுக்காரர்கள் இருந்தால், அவ்வளவு பழைய மணிகளை இந்தக் கடற்கரைக்கு அனுப்பிய மலை எது என்று ஒரு கேள்வி பிறக்கும். அது நீ தொலைத்ததைவிடச் சின்னக் கேள்வி இல்லை.

போனை வைத்துவிட்டு மங்கை கீழே இறங்கி வேனுக்குப் போனாள்.

"சாகுல், நீங்க சொன்னதுதான் சரி" என்றாள். "காலைல நான் பேசினது தப்பு."

சாகுல் துணியைப் பிழிந்துகொண்டே, "அதுக்கென்ன டீச்சரே. நீங்க கல்லப் பாத்திய, நான் மீனப் பாத்தேன்" என்றார்.

மாலை 4.15

ஆறு பைகளையும் நாகர்கோவில் விடுதி அறையில் வைத்துப் பூட்டி, செருப்பை மாற்றிக்கொண்ட பிறகுதான் ராஜாக்கமங்கலத்துக்குக் கிளம்ப மங்கை சம்மதித்தாள். தென்னந்தோப்புகளுக்கு நடுவே பதினோரு கிலோமீட்டர் போனதும் திடீரென்று கடல். படகுகளைக் கரையேற்றி வலையைச் சீர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை மணல் எடுக்கவில்லை, பார்த்தோம், அவ்வளவுதான். அலை வந்து திரும்பும் இடத்தில் கறுப்பும் அதன் ஓரத்தில் செம்மையுமாக வரிகள். ஒரு கை அள்ளி வெயிலில் சாய்த்தேன். அங்கங்கே நிறமில்லாமல் ஒன்றிரண்டு மின்னின. இவற்றில் ஒன்று இருநூற்று அறுபது கோடி வருடம் சுற்றி இங்கே வந்திருக்கலாம். என் தங்கையின் எட்டு வருடத்தைக் கலைத்தது இந்தப் பொடிதானா என்று முதலில் ஆத்திரம் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஆத்திரப்பட முடியவில்லை. மணலை உதறினேன். உள்ளங்கை ரேகையில் ஒட்டியது மட்டும் போகவில்லை.

பழைய சாப்பாட்டுக் கடை அங்கேயே இருந்தது. மரச்சீனியும் சாளைக் குழம்பும், தட்டு 80 ரூபாய். காலையிலிருந்து சாயாவில் ஓட்டிக்கொண்டிருந்த மங்கை இரண்டு தட்டு சாப்பிட்டாள். எரிந்தது, இரண்டு செம்பு தண்ணீர் குடித்தாள். நோட்டை மட்டும் வேனிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

சனிக்கிழமை, காலை 6.10

கிளம்பும் ரயிலில் ஆறு பைகளும் என் காலடியில். வள்ளியூர் தாண்டும்வரை ஜன்னலில் மலைகள் கூடவே வந்தன. மங்கை நோட்டைத் திறந்து, ஒன்று, இரண்டு என்ற எண்களை அடிக்காமல், அவற்றின் பக்கத்தில் வேறு மையில் சரியான வரிசையையும் திருத்திய தேதியையும் எழுதினாள். அழித்தால் என்ன என்றேன். தப்பையும் வைத்திருக்க வேண்டும் என்றாள். பிறகு சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். திண்டுக்கல் வரை எழவில்லை.

எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. செம்மண் நிறத்தில், எந்த மலையைக் கரைத்ததோ அந்த மண்ணோடு. ஐம்பது வருடமாக இதை வெறும் கலங்கல் என்று நினைத்திருந்தேன். கல்லே இல்லாத ஊர் என்று இனிமேல் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்க் கல்லெல்லாம் பொடியாக வந்து சேர்ந்தவை, அவ்வளவுதான்.

ஒன்பது மாதம் கழித்து

ஆய்வேடு என் கடையில்தான் அச்சானது. புதுக் கல்லில் மூத்த மணி ஒன்றுகூட இல்லை. நடுவில் இருநூறு கோடி, தோலில் ஐம்பத்தைந்து கோடி, சந்தேகமே இல்லாமல். டப்பாவில் கிடந்த கடல் மணலிலோ அந்த நாலுக்கும் உறவுக்காரர்கள் நிறையவே இருந்தார்கள். நாலாவது அத்தியாயத்துக்கு இப்போது வேறு தலைப்பு. அதன் முதல் படம் நோட்டின் அந்த இரண்டு பக்கங்கள்.

கறுப்பு வெள்ளையில் போடட்டுமா என்று மங்கையைக் கேட்டேன். வேண்டாம், கலரில் போடு, இல்லாவிட்டால் எது மேலே எது கீழே என்று தெரியாது என்றாள். படத்தின் அடியில், எடுத்த வரிசை மாறியது என் தவறு என்றும், அதை நினைவிலிருந்து திருத்தியவர் வண்டி ஓட்டிய சாகுல் என்றும் ஆங்கிலத்தில் இரண்டு வரி. கூடுதலாக ஒரு பிரதி பைண்ட் பண்ணிக் கோட்டாறுக்கு அனுப்பினேன்.

அது போய்ச் சேர்ந்த அன்று சாகுல் போன் செய்தார். தன் பெயர் எந்தப் பக்கத்தில் என்று கேட்டார். சொன்னேன். தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"அண்ணே, இது நம்ம சாளக் கொழம்புலா" என்றார்.